மேல்வயிற்று வலியும் வீக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலா எலும்புகளுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே எது வலித்தாலும் நம் வீடுகளில் முதலில் வைக்கும் பெயர் “கேஸ்”. பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். சிக்கல் மீதிப் பாதியில்தான். பித்தப்பைக் கல், கணைய அழற்சி, சில சமயம் மாரடைப்புகூட முதல் சில மணி நேரம் இதே பெயரில் வீட்டிலேயே கிடக்கும். எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

மேல்வயிற்றில் எந்தெந்த உறுப்புகள் இருக்கின்றன?

வலது விலாவுக்கு அடியில் கல்லீரல், அதன் கீழ்ப்பரப்பை ஒட்டிப் பித்தப்பை. நெஞ்சுக்குழிக்குக் கீழே நடுவில் இரைப்பையும் முன்சிறுகுடலும். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கணையம். இடது விலாவுக்குள் மண்ணீரல். இரு பக்கமும் பின்புறம் சிறுநீரகங்கள். பெருங்குடல் இரண்டு விலாக்களுக்கு அடியிலும் வளைந்து போவதால், அந்த வளைவுகளில் காற்று தேங்கினால் குத்தும்.

உதரவிதானத்துக்கு மேலே இதயமும் நுரையீரலின் அடிப்பகுதியும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே வரும் கோளாறு வயிற்று வலியாகவே தெரியக்கூடும். ஆகவே இடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கூடவே வேறென்ன வருகிறது என்ற இரண்டும் இடத்தைவிட அதிகம் சொல்லும்.

கேஸா, மாரடைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உட்கார்ந்து உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. இசிஜி எடுத்துத்தான் ஆக வேண்டும். இதயத்தின் அடிச்சுவரில் அடைப்பு வந்தால் வலி நெஞ்சில் இல்லாமல் நெஞ்சுக்குழியில் வரலாம். வாந்தி, ஏப்பம் எல்லாம் சேர்ந்தே வரும். குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களிடம் இந்தக் குழப்பம் அதிகம்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள்: குப்பென்று வியர்ப்பது, மூச்சு வாங்குவது, தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ வலி பரவுவது, நாலு படி ஏறினால் கூடி உட்கார்ந்தால் குறைவது, இதுவரை வராத மாதிரியான ஒரு அழுத்தம். ஜெலுசிலோ ஈனோவோ குடித்துச் சற்றே இதமாக இருந்தால் “அப்போ கேஸ்தான்” என்று பலர் படுத்துவிடுகிறார்கள். அமிலமுறி மருந்துக்கு வலி குறைந்தது என்பது இதயம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

இன்னொன்று. முதல் இசிஜி இயல்பாக வந்தாலும் விஷயம் முடிந்துவிடவில்லை. வலி தொடர்ந்தால் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு இரண்டாவது முறையும் பார்ப்பார்கள். “ஒரு தடவை எடுத்தாச்சு, நார்மல்” என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்?

திடீரென்று கத்தி சொருகியது போல் தொடங்கி, வயிறு பலகையாக இறுகி, அசைந்தாலே வலித்தால்: இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை விழுந்திருக்கலாம். ரத்த வாந்தி, காபித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போல் கறுத்துப் பிசுபிசுத்து நாறும் மலம்: உள்ளே ரத்தக் கசிவு. காய்ச்சலும் நடுக்கமும் மஞ்சள் காமாலையும் வலியோடு சேர்ந்தால்: பித்தக்குழாயில் தொற்று. மயக்கம், கைகால் ஜில்லிடுவது, சிறுநீர் குறைவது: எந்தக் காரணமானாலும் ஆபத்து. வயிறு ஊதி, வாந்தி நிற்காமல், மலமும் காற்றும் பிரியாமல் இருந்தால் குடல் அடைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை அழையுங்கள். போகும் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதற்கு அது இடைஞ்சலாகும்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். தார் போல் ஒட்டாது, அந்தக் குறிப்பிட்ட நாற்றமும் இருக்காது.

பிரியாணி சாப்பிட்ட அன்று இரவு வலது விலாவுக்குக் கீழே வலி, சில மணி நேரத்தில் தானாக விட்டுவிடுகிறது. இது என்ன?

பித்தப்பைக் கல்லின் வலி கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். கொழுப்பு குடலுக்குள் வந்ததும் பித்தத்தைப் பீய்ச்சப் பித்தப்பை சுருங்குகிறது. அந்த நேரத்தில் ஒரு கல் வாய்ப்பகுதியில் போய் அடைத்தால், சுருங்கச் சுருங்க வலி ஏறும். விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கும் வலி அல்ல இது. ஏறி, அப்படியே நின்று, அரை மணி முதல் ஐந்தாறு மணி நேரம் இருந்துவிட்டு, கல் நகர்ந்ததும் இறங்கும். நெஞ்சுக்குழியிலும் வரும், வலது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் பாயும். புரண்டு படுத்தாலும் எழுந்து நடந்தாலும் குறையாது. ஏப்பம் விட்டாலும் குறையாது. வாயுவிலிருந்து பிரித்துப் பார்க்க இந்த ஒன்றே பெரிய உதவி.

ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் வலி விடவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தி மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னால் பாதியிலேயே மூச்சு நின்றுபோகிறது என்றால் அது வெறும் கல் வலி அல்ல. பித்தப்பையே வீங்கி அழற்சி கண்டிருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் கொடுத்து, முடிந்தவரை அதே வாரத்தில் பித்தப்பையை லேப்ராஸ்கோபி மூலம் எடுப்பதுதான் இன்றைய நடைமுறை. “புண் ஆறட்டும், ஒன்றரை மாதம் கழித்துப் பார்க்கலாம்” என்ற பழைய வழக்கத்தில், காத்திருக்கும் நாட்களிலேயே வலி திரும்ப வந்து பலர் மறுபடி சேர வேண்டியிருந்தது.

கல் பித்தப்பையை விட்டு இறங்கிப் பொதுப் பித்தக்குழாயில் சிக்கினால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கடும் மஞ்சளாகும், மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். இந்தக் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது வீண். குழாய் அடைப்பை இலை திறக்காது. எண்டோஸ்கோபி வழியாகக் கல்லை எடுக்க வேண்டும். காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் அது அவசரம்.

வேறெதற்கோ ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல் என்று வந்தது. வலியே இல்லை. ஆபரேஷன் செய்தாக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். வலி கொடுக்காத கல் உள்ள நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவர் முதல் நான்கு பேருக்குத்தான் தொல்லை தொடங்குகிறது. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டிய கல், 10 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்த பாலிப் என்ற சதை வளர்ச்சி, சுவரில் சுண்ணாம்பு படிந்த பித்தப்பை, ரத்த அணுக்கள் சிதையும் பரம்பரை நோய் போன்ற சில நிலைகளில் மட்டும் வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்கள். ஒருமுறை உண்மையான கல் வலி வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

கல்லைக் கரைக்க மாத்திரை இருக்கிறதாமே?

அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. சிறிய, சுண்ணாம்பு படியாத கொலஸ்ட்ரால் கல்லாக இருந்து, பித்தப்பையும் நன்றாகச் சுருங்கி விரிந்தால் மட்டுமே வேலை செய்யும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை சாப்பிட வேண்டும். நிறுத்திய சில ஆண்டுகளில் பாதிப்பேருக்குக் கல் மறுபடி உருவாகிறது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சையாக உருண்டைகள் மலத்தில் விழுவதாகச் சொல்கிறார்கள். அந்த உருண்டைகள் எண்ணெய் குடலில் சோப்பாக மாறியவை. அடுத்த நாள் ஸ்கேன் எடுத்தால் கல் அதே இடத்தில் இருக்கும்.

நெஞ்சுக்குழியில் எரிகிறது, பசி வந்தால் கூடுகிறது. அல்சரா?

இருக்கலாம். முன்சிறுகுடல் புண்ணில் வெறும் வயிற்றிலும் நள்ளிரவுக்குப் பிறகும் வலி வந்து, ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். இரைப்பைப் புண்ணில் சாப்பிட்டதும் கூடும். புத்தகத்தில் இப்படி இருந்தாலும் நேரில் வருபவர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும்.

காரமும் தாமதமாகச் சாப்பிடுவதும்தான் அல்சருக்குக் காரணம் என்பது ஊறிப்போன நம்பிக்கை. இருக்கிற புண்ணை இவை எரிய வைக்கும். புண்ணை உண்டாக்குபவை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் ஏற்க மறுத்தபோது, மார்ஷல் 1984-இல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. மற்றொன்று வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடும் மாத்திரைதான் முதியவர்களின் ரத்த வாந்திக்கு அடிக்கடி காரணமாகிறது. பலருக்கு அதற்கு முன் வயிற்று வலியே இருந்திருக்காது.

பைலோரிக்கு எந்தப் பரிசோதனை நம்பகமானது?

யூரியா மூச்சுப் பரிசோதனை, மலத்தில் ஆன்டிஜன் பரிசோதனை, எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத்துணுக்கு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. கிருமி போன பிறகும் ஆண்டுக்கணக்கில் அது பாசிட்டிவாகவே இருக்கும். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே பேன்டப்ரசோல், ஒமேப்ரசோல் வகை மாத்திரைகளையும், நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

சிகிச்சை வழக்கமாக 14 நாள், மூன்று நான்கு மருந்துகள் சேர்ந்தது. ஐந்தாம் நாளே எரிச்சல் நின்றுவிடும் என்பதால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். முடித்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

பேன்டப்ரசோல் தினமும் போடுகிறேன், கேட்கவே இல்லையே?

எப்போது போடுகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் விழித்து வேலை செய்யும். மருந்து அந்த நேரம் ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பிட்ட பின்னோ, எரியும்போது மட்டுமோ போட்டால் பாதிப் பலன்கூட இல்லை. முழு வீச்சில் வேலை செய்ய மூன்று நான்கு நாள் ஆகும். நேரத்துக்குப் போட்டும் நான்கு முதல் எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் மாத்திரையை மாற்றிக்கொண்டே போகாமல் எண்டோஸ்கோபி பாருங்கள்.

எடை குறைவது, விழுங்கக் கஷ்டம், ரத்தசோகை, ஓயாத வாந்தி, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய், இடது காரை எலும்புக்கு மேல் கழலை: இவை இருந்தால் அந்த வாரங்களும் காத்திருக்கக் கூடாது. வயதும் ஒரு காரணம். 60-க்கு மேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணத்துக்கு நேராக எண்டோஸ்கோபி என்பது வழிகாட்டி.

வலி முதுகுக்குப் பாய்கிறது, குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலை. ஏன்?

கணையத்தை நினைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் வலி கூடும். முன்னால் குனிந்து, தலையணையை வயிற்றோடு அணைத்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். வாந்தி எடுத்தாலும் வலி தணியாது. பித்தக் கல்லும் மதுவும்தான் பெரும்பாலான கணைய அழற்சிக்குக் காரணம். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டுவதும், சில மருந்துகளும் அடுத்த வரிசை.

கணைய நொதிகளான லைபேஸ் அல்லது அமைலேஸ், ரத்தத்தில் இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் பொருள் உண்டு. லேசாக 20, 30 கூடியிருப்பதை வைத்துக் கணையம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அமைலேஸ் மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிடும். தாமதமாக வருபவர்களுக்கு லைபேஸ்தான் பயன்படும். எண்ணின் உயரம் நோயின் கடுமையைக் காட்டாது. 3000 வந்தவர் நான்கு நாளில் வீடு திரும்பலாம். 600 வந்தவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். கடுமையைத் தீர்மானிப்பவை மூச்சு, சிறுநீர் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் போன்றவை.

கல்லால் வந்த லேசான அழற்சி என்றால், வலி அடங்கியதும் அதே முறை சேர்ந்திருக்கும்போதே பித்தப்பையை எடுத்துவிடுவது நல்லது. எடுக்காமல் வீட்டுக்குப் போனால் அடுத்த கல் எந்த வாரம் இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

என் மகன் குடிப்பதே இல்லை, 19 வயது. அவனுக்குக் கணையத்தில் கல் என்கிறார்கள். எப்படி?

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீண்ட காலமாகவே அறியப்பட்ட நோய் இது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். கேரளத்தில் டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்து எழுதியதால் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. சின்ன வயதில் விட்டுவிட்டு வயிற்று வலி, பிறகு கணையக் குழாயில் பெரிய பெரிய சுண்ணாம்புக் கற்கள், பிறகு சர்க்கரை நோய் என்ற வரிசையில் வரும். மரவள்ளிக் கிழங்கைச் சந்தேகித்தார்கள், நிரூபணமாகவில்லை. எஸ்பிஐஎன்கே1 என்ற மரபணுவில் மாற்றம் பலரிடம் காணப்படுகிறது. “ரகசியமாகக் குடிக்கிறான் போல” என்று பிள்ளையைக் குடைவதற்கு இதில் இடமே இல்லை.

கணையம் நொதி சுரக்காமல் போனால் மலம் வெளிறி, எண்ணெய் மிதந்து, கழுவினாலும் பீங்கானில் ஒட்டும், எடை இறங்கும். அதற்கு நொதிக் கேப்சூல் தருவார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்து, முதல் கவளத்தோடு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகு போட்டால் உணவோடு கலக்காது.

ஐம்பதைத் தாண்டியவருக்குத் திடீரென்று சர்க்கரை நோய் தொடங்கி, கூடவே எடையும் குறைந்து, முதுகுவரை மந்தமான வலியும் இருந்தால் கணையத்தைச் சிடி ஸ்கேனில் பார்த்துவிடுவது நல்லது. வலியே இல்லாத காமாலையும் அப்படித்தான்.

காய்ச்சலும் வலது பக்க வலியும் சேர்ந்து வந்தால்?

கல்லீரலில் சீழ்க்கட்டி ஒரு முக்கியக் காரணம். அமீபாவால் வருவது பெரும்பாலும் இளம், நடுத்தர வயது ஆண்களுக்கு, அதிலும் மது அருந்துபவர்களுக்கு. யாழ்ப்பாணப் பகுதியில் கள் குடிப்பவர்களிடையே இது அதிகம் பதிவாகியிருக்கிறது. வலது விலா இடுக்கில் ஒரு விரலால் அழுத்தினாலே துடிப்பார்கள். வலது தோள் வலிக்கும். வறட்டு இருமல்கூட வரும். ஸ்கேனில் தெரிந்துவிடும். மெட்ரோனிடசோல் ஏழு முதல் பத்து நாள். அதற்குப் பிறகு குடலில் ஒளிந்திருக்கும் அமீபாவைக் கொல்ல இன்னொரு மருந்து உண்டு. அதை விட்டுவிட்டால் கட்டி திரும்பலாம். மாத்திரை சாப்பிடும் நாட்களில் மது தொடவே கூடாது.

மழைக்காலத்தில் டெங்குவை மறக்க வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நாளில், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் தொடங்கினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கிறது. “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று நிம்மதி அடையும் நேரமும் அதுதான். ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்துத் தெரியும். அதைப் பித்தப்பை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வலிக்கு பாரசிட்டமால் மட்டும்.

ஸ்கேனில் “ஃபேட்டி லிவர் கிரேடு 1” என்று வந்திருக்கிறது. வலிக்கு அதுதான் காரணமா?

அநேகமாக இல்லை. கொழுப்புக் கல்லீரல் வலிப்பது அரிது. வலித்தாலும் மந்தமான கனம்தான். ரிப்போர்ட்டில் அது ஒன்று கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றதைத் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது. என்னவாக இருக்கும்?

மண்ணீரல் வீங்கியிருக்கலாம். மலேரியா, டைபாய்டு, கல்லீரல் சுருக்கத்தால் ரத்தம் தேங்குவது, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், சில ரத்தப் புற்றுநோய்கள். வீங்கிய மண்ணீரல் சுலபமாகக் கிழியும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் விழுந்து புரளும் விளையாட்டும் ஆகாது. விட்டுவிட்டுக் குத்தி, காற்றுப் பிரிந்ததும் விடும் இடது பக்க வலி குடல் வளைவில் தேங்கும் வாயு. அதற்கு அஞ்ச வேண்டாம்.

வயிறு வீங்கியிருக்கிறது. வாயுவா, நீரா, கட்டியா என்று எப்படிப் பிரிப்பது?

நேரத்தைக் கவனியுங்கள். காலையில் தட்டையாக இருந்து, மாலைக்குள் ஊதி, இரவு தூங்கி எழுந்தால் வடிந்துவிட்டால் அது வாயு அல்லது மலச்சிக்கல். நீர் அப்படி ஏறி இறங்காது. வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கும், மல்லாந்து படுத்தால் இரு விலாப்பக்கமும் பிதுங்கும், தொப்புள் வெளியே தள்ளும், கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழும். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, தொப்புள் மட்டத்தில் தையல் டேப் வைத்து அளந்து, எடையும் பார்த்துக் குறியுங்கள். ஒரு வாரத்தில் எடை இரண்டு கிலோ கூடியிருந்தால் அது வாயு இல்லை. வயிற்றிலுள்ள காற்று எடையை அவ்வளவு கூட்டாது.

ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் உறுப்பு வீக்கமோ கட்டியோ. நெஞ்சுக்குழிக்கும் தொப்புளுக்கும் நடுவில், இருமும்போது மட்டும் சின்னதாகப் பிதுங்கினால் ஹெர்னியா. பிரசவத்துக்குப் பிறகு எழுந்திருக்கும்போது நடுவயிறு முகடுபோல் நீளமாக எழும்புவது தசைகள் விலகியதால், அடைப்பு ஏற்படுத்தாது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வாந்தியில் வந்து, வயிற்றை ஆட்டினால் சளசளவென்று சத்தம் கேட்டால் இரைப்பையின் வாசல் அடைபட்டிருக்கிறது.

ஐம்பதை நெருங்கும் பெண்களுக்குப் புதிதாக உப்புசம் தொடங்கி, மாதத்தில் பாதி நாள் இருந்து, சீக்கிரம் வயிறு நிறைந்து, அடிக்கடி சிறுநீரும் வந்தால் சினைப்பையை ஸ்கேன் செய்ய வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் “கேஸ் பிரச்சினை”யாகவே மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும்.

வயிற்றில் நீர் கோத்தால் எடுத்துப் பார்க்கிறார்களே, எதற்கு? எடுத்தால் திரும்ப ஊறும் என்கிறார்களே?

காரணம் தெரியத்தான். நீரிலும் ரத்தத்திலும் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு பக்கம் பார்க்க வேண்டும். குறைவாக இருந்தால் காசநோய், புற்றுநோய். வயிற்றுக் காசநோய் நம் நாட்டில் அரிதல்ல, முழுவதும் குணமாகக் கூடியது. நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவு கூடியிருப்பது அதற்குத் துப்பு. வெள்ளணு எண்ணிக்கை நீரில் தொற்று உண்டா என்று காட்டும்.

காரணம் தீராமல் நீரை மட்டும் எடுத்தால் ஊறத்தான் செய்யும். எடுத்ததால் ஊறுவதில்லை. கல்லீரல் நோயாளிக்கு ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஏற்ற வேண்டும். உப்பு நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் ஆகியவற்றை நிறுத்தாமல் குழம்பில் மட்டும் உப்பைக் குறைப்பதில் அர்த்தமில்லை.

தினமும் உப்புசம். சாப்பாட்டில் எதை மாற்றலாம்?

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் எது காரணம் என்று தெரியாது. முதலில் பாலை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள், காபி, டீயில் ஊற்றுவதையும் சேர்த்து. குறைந்தால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்கவில்லை; தயிர் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். குறையாவிட்டால் பாலைத் தொடருங்கள், அடுத்து வெங்காயம், பூண்டு, பயறு வகைகளைப் பாருங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மாவை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் கணிசமான பகுதி அதிலேயே போய்விடும். சோடா, அவசரமாக விழுங்குவது, சூயிங்கம் எல்லாம் காற்றை உள்ளே அனுப்பும் வழிகள். மலச்சிக்கல் தீராமல் உப்புசம் தீராது.

ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தம் எல்லாம் நார்மல். வலி மட்டும் போகவில்லை. மனப்பிரமையா?

இல்லை. இரைப்பை சரியாக விரிந்து கொடுக்காததாலோ, அதன் நரம்புகள் சாதாரண அசைவையே வலியாக உணர்வதாலோ வரும் செயல்சார் அஜீரணம் மிகச் சாதாரணம். படத்தில் தெரியாது என்பதால் வலி பொய்யாகாது. பைலோரி இருந்தால் ஒழிப்பது, அமிலத்தைக் குறைப்பது, சிறு அளவில் நரம்பை அடக்கும் மருந்து கொடுப்பது ஆகியவை பலருக்கு உதவும். “டிப்ரஷன் மாத்திரை எழுதிட்டார்” என்று பதற வேண்டாம். இங்கே அது வலி நரம்புக்கான மிகக் குறைந்த அளவு.

அதற்கு முன் வயிற்றுச் சுவரைச் சோதித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, வலிக்கும் புள்ளியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே தலையையும் தோளையும் தூக்குங்கள். வலி கூடினால் அது தசையிலோ தோல் நரம்பிலோ இருக்கிறது, உள்ளுறுப்பில் அல்ல. ஒரு பக்கமாகப் பட்டைபோல் எரிந்து, சில நாளில் அதே தடத்தில் கொப்புளம் வந்தால் அக்கி. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். செம்மண் பூசி நாளைக் கடத்த வேண்டாம்.

கர்ப்பிணிக்கு மேல்வயிறு வலித்தால்?

20 வாரத்துக்குப் பிறகு நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி என்றால், அஜீரணம் என்று முடிவு கட்டுமுன் பிபி பார்க்க வேண்டும். 140/90-ஐத் தொட்டிருந்தாலோ, தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் சேர்ந்திருந்தாலோ அன்றே மருத்துவமனை. கல்லீரலும் ரத்தத்தட்டும் பாதிக்கும் ஹெல்ப் (HELLP) நிலை, பிபி பெரிதாக ஏறாமலும் வரும். ஆகவே ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

குழந்தைக்குக் குடல் தட்டலாமா, தொக்கம் எடுக்கலாமா?

வேண்டாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, முழங்காலை வயிற்றோடு மடக்கி, இடையில் சோர்ந்து கிடந்தால் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். முதல் நாளில் வந்தால் பெரும்பாலும் கத்தியே வைக்காமல், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஆசனவாய் வழியாகக் காற்றோ நீரோ செலுத்தி விடுவித்துவிடுவார்கள். தட்டி, உருவி, ஒரு நாள் கழித்து ரத்தமும் சளியுமாக மலம் போகும்போது வந்தால் குடலை வெட்டி எடுக்க நேரலாம்.

ஸ்கேனுக்கு ஏன் பட்டினி? எந்தப் பரிசோதனை எதைக் காட்டும்?

சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருப்பது தெரியாது. காற்று நிறைந்து கணையத்தை மறைக்கும். 6 முதல் 8 மணி நேரப் பட்டினி அதற்காக. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது.

அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக் கல்லையும் நீரையும் கல்லீரல் கட்டியையும் நன்றாகக் காட்டும். அல்சரைக் காட்டாது, “ஸ்கேன் எடுத்தேன், அல்சர் இல்லையாம்” என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது. பித்தக்குழாயின் கீழ்முனையில் சிக்கிய கல்லையும் அடிக்கடி தவறவிடும், அதற்கு எம்ஆர்சிபி என்ற, பித்தக்குழாயைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன். ஓட்டை விழுந்த சந்தேகத்துக்கு நிற்க வைத்து எடுக்கும் ஒரு சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் காற்று தெரிந்தாலே பெரும்பாலும் போதும். தெரியாவிட்டாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் சிடி. எண்டோஸ்கோபி ஐந்து பத்து நிமிட வேலை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்ல வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்வரை வலிக்கு என்ன போடலாம்?

பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று அல்லது இரண்டு. கல்லீரல் நோய் இருந்தால் நாளுக்கு மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது. டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம்; அல்சராக இருந்தால் கெடுக்கும். பேதி மருந்து, விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயாளி என்றால் குளுகோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். சர்க்கரை 300, 400 என்று ஏறி, ரத்தத்தில் அமிலம் கூடினாலும் வயிற்று வலியும் வாந்தியும் மட்டுமே முதலில் தெரியும்.

மருத்துவரிடம் என்னென்ன சொன்னால் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும்?

“ரெண்டு நாளா வயிறு சரியில்லை டாக்டர்” என்பதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. தொடங்கிய மணி, அதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்டது, எத்தனை மணி நேரம் நீடித்தது, எங்கே பரவியது, எப்படி உட்கார்ந்தால் குறைந்தது, சிறுநீர், மலத்தின் நிறம், மூன்று மாதத்தில் எடை மாற்றம். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். ஒரு விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையால்தான் தடவிக் காட்ட முடிகிறது என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் ஒரு தகவல். மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், ஜிம் பவுடர் எல்லாவற்றின் அட்டையையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மது எவ்வளவு என்று கேட்டால், வீட்டார் முன் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.